வீட்டு சர்வர் முடங்கினால் எங்கிருந்தும் சரிசெய்யலாம்: ஐபி கேவிஎம் கருவியை அமைப்பது, பராமரிப்பது எப்படி?

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான ஓர் அப்டேட்டால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுபோயின. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள். விமான நிலையங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் எனப் பல இடங்களில் வேலை முடங்கியது. தீர்வு என்னவோ சின்னதுதான்: சேஃப் மோடில் நுழைந்து ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால், நெட்வொர்க்கில் சேரும் அளவுக்குக்கூடப் பல கணினிகள் பூட் ஆகவில்லை. அதனால் ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள் போய் கீபோர்டைத் தட்ட வேண்டியிருந்தது.

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இதே தலைவலி சிறிய அளவில் வரும். குடும்பப் போட்டோக்கள், பேக்கப், கேமரா பதிவு எல்லாம் அந்த ஒரு பெட்டியில் இருக்கும். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது கரண்ட் போய் வரும். சர்வர் மட்டும் எழுந்திருக்காது. ரிமோட் டெஸ்க்டாப், எஸ்எஸ்எச் எதுவும் உதவாது. இயங்குதளம் உயிரோடு இருந்தால்தான் அவை வேலை செய்யும். இந்த இடத்தில் கைகொடுப்பதுதான் ஐபி கேவிஎம்.

அது என்ன கேவிஎம்?

கீபோர்டு, வீடியோ, மவுஸ் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் கேவிஎம். உள்ளங்கை அளவுள்ள இந்தக் கருவி சர்வரின் எச்டிஎம்ஐ போர்ட்டில் மானிட்டர்போல நடிக்கும். யுஎஸ்பி போர்ட்டில் கீபோர்டாகவும் மவுஸாகவும் நடிக்கும். சர்வரின் திரை உங்கள் பிரவுசரில் தெரியும். நீங்கள் அழுத்தும் விசை நிஜமான கீபோர்டிலிருந்து வருவதாகவே சர்வர் நம்பும்.

இதனால் பயாஸ் திரையைக்கூடத் தொலைவிலிருந்து பார்க்கலாம். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால், பூட் ஆகும்போது கேட்கும் பாஸ்வேர்டைக் கொடுக்கலாம். பல கருவிகள் சிடி டிரைவ்போலவும் நடிக்கும் என்பதால் புதிய இயங்குதளத்தையே நிறுவிவிடலாம்.

பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் இந்த வசதி மதர்போர்டிலேயே உண்டு. டெல் அதை ஐடிராக் என்கிறது. எச்பிஇ ஐலோ என்கிறது. சாதாரண பிசியில் அது இல்லாத குறையைத் தீர்த்தது, ராஸ்பெர்ரி பையில் ஓடும் பைகேவிஎம் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம். இப்போது ஜெட்கேவிஎம், நானோகேவிஎம் போன்ற சின்னக் கருவிகளும் வந்துவிட்டன.

எப்படி அமைப்பது?

எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, நெட்வொர்க் என மூன்று கேபிள்கள். மாட்டுவது பத்து நிமிட வேலை. கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மின்சாரம். கருவிக்குத் தனி அடாப்டர் கொடுங்கள். சர்வரின் யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுத்தால், சர்வர் அணையும்போது கருவியும் அணைந்துவிடக்கூடும். ராஸ்பெர்ரி பை 4 வைத்து நீங்களே செய்வதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: கரண்ட் வருவதும் கீபோர்டாக நடிப்பதும் ஒரே யுஎஸ்பி-சி போர்ட்டில்தான். இரண்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் தேவைப்படும்.

இரண்டாவது, பவர் பட்டன். சர்வர் முழுசாக உறைந்துவிட்டால் கீபோர்டும் பயன்படாது. பட்டனைத்தான் அழுத்த வேண்டும். அதற்கு ஏடிஎக்ஸ் இணைப்பு என்ற சிறு போர்டு கிடைக்கிறது. கேபினட்டின் பவர் பட்டன் வயர் மதர்போர்டில் சேரும் பின்களோடு இதை இணைக்க வேண்டும். பட்டன் வயர்களை எந்தப் பக்கம் மாற்றி மாட்டினாலும் பிரச்சினை இல்லை. எல்இடி வயர்களுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் சரியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பயாஸ் அமைப்பு. கரண்ட் திரும்ப வந்ததும் தானாக ஆன் ஆகும்படி ஒரு தேர்வு அதில் இருக்கும். அதை மாற்றிவையுங்கள். ஏடிஎக்ஸ் பின்கள் இல்லாத மினி பிசிக்கு இந்தத் தேர்வும் ஒரு ஸ்மார்ட் பிளக்கும் சேர்ந்தால் பவர் பட்டன் வேலையைச் செய்துவிடும்.

எங்கே ஆபத்து?

இந்தக் கருவிக்குள் நுழைந்தவர் உங்கள் சர்வரின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்குச் சமம். ஃபயர்வாலோ ஆன்டிவைரஸோ அவரைத் தடுக்காது. நிறுவன சர்வர்களில் இதே வேலையைச் செய்யும் ஐபிஎம்ஐ வசதியை இணையத்தில் திறந்துவைக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு 2013-லேயே எச்சரித்தது. வீட்டுக் கருவிக்கும் அது பொருந்தும்.

பைகேவிஎம்மை முதல்முறை ஆன் செய்யும்போது பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டுமே 'அட்மின்'. எஸ்எஸ்எச்சில் நுழைய இரண்டுமே 'ரூட்'. அதன் கையேட்டிலேயே இது இருக்கிறது. அதாவது ஊருக்கே தெரியும். முதல் நாளே இரண்டையும் மாற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு நேராக இணையத்தில் விடவே கூடாது. வயர்கார்ட், டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக மட்டும் நுழையுங்கள்.

சாவி வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால்?

பலர் கோட்டைவிடும் இடம் இது. அந்த விபிஎன்னை எங்கே ஓட்டுகிறீர்கள்? அதே வீட்டு சர்வரில் என்றால், சர்வர் விழும்போது விபிஎன்னும் விழும். கருவி நலமாக இருக்கும். நீங்கள் அதை எட்ட முடியாது. சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோதும் இதுபோன்ற சிக்கல் இருந்தது. பிரதான நெட்வொர்க்கோடு, அவசரத்துக்கென வைத்திருந்த மாற்று வழியும் கைவிட்டது. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரிலேயே போக வேண்டியதாயிற்று.

ஆகவே விபிஎன்னை ரவுட்டரிலோ கேவிஎம் கருவியிலோ வையுங்கள். வீட்டின் டிஎன்எஸ் சேவையும் அதே சர்வரில் ஓடினால், கருவியின் ஐபி எண்ணைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ரவுட்டர், ஸ்விட்ச், கருவி மூன்றையும் யுபிஎஸ்ஸில் இணையுங்கள். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் போட்டுப் பயனில்லை.

பராமரிப்பில் என்ன செய்ய வேண்டும்?

இது தேவைப்படும் நாள் வருஷத்தில் ஒன்றோ இரண்டோதான். அதனாலேயே மறந்துபோகிறோம். மாதம் ஒருமுறை வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உள்ளே நுழைந்து பாருங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்து, பயாஸ் திரை தெரிகிறதா, கீபோர்டு வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். இயங்குதளம் வந்தபின் படம் தெரிந்து, பயாஸில் மட்டும் கறுப்பாக இருக்கும் சர்வர்களும் உண்டு. அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் வீட்டில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். வெளியூரிலிருந்து அப்டேட் போட்டுக் கருவியே படுத்துவிட்டால் அதைக் காப்பாற்ற இன்னொரு கருவி கிடையாது. பைகேவிஎம் தன் எஸ்டி கார்டை வழக்கமாகப் படிக்க மட்டுமே திறக்கும். திடீரென்று கரண்ட் போனாலும் கார்டு கெடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இருந்தாலும், எல்லாம் அமைத்து முடித்த கார்டின் நகல் ஒன்றை எடுத்துவைப்பது நல்லது.

எல்லோருக்கும் தேவையா?

சர்வர் பக்கத்து அறையில் இருக்கிறது, நீங்களும் அதிகம் வெளியூர் போவதில்லை என்றால் ஒரு பழைய மானிட்டரும் கீபோர்டுமே போதும். பெற்றோர் வீட்டில் சர்வர், உங்களுக்கோ வேறு ஊரில் வேலை என்றால் நிலைமை வேறு. ஃபோனில் அம்மாவை அழைத்து, "திரையில் என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லும்மா" என்று ஒருமுறை கேட்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.