மலையாளத் திரையில் தெய்வமும் குடும்பமும் – 9: பள்ளிவாள்

பகவதியின் அருள் ஏறி வாக்குச் சொல்லும் வெளிச்சப்பாட்டின் வீட்டில் அடுப்பு அணைந்த கதையைச் சென்ற வாரம் சொல்லி, 'நிர்மால்யம்' படத்தில் பி. ஜே. அந்தோணியின் நடிப்பைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அவர் கையில் ஏந்திய வாள் என் சிந்தையை விட்டு அகல மறுக்கிறது.

1973-இல் எம். டி. வாசுதேவன் நாயர் முதன்முதலாக இயக்கிய இப்படத்துக்கு மூலமாக அமைந்த அவருடைய சிறுகதையின் பெயர் 'பள்ளிவாளும் கால்சிலம்பும்'. பள்ளியறை, பள்ளியெழுச்சி என்று நாம் தெய்வத்துக்கும் அரசனுக்கும் உரியவற்றை மரியாதையோடு சொல்வது போலவே, மலையாளத்தாரும் பகவதியின் வாளைப் பள்ளிவாள் என்கிறார்கள். பழங்காலத்தில் சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்துக்கு வழங்கிய 'பள்ளி' என்னும் அந்தச் சொல்லாலேயே அவர்கள் இன்று மாதா கோயிலையும் குறிக்கிறார்கள், மசூதியையும் குறிக்கிறார்கள் என்பதை எண்ணியபோது எனக்கு உண்டான ஆனந்தம் இன்னும் அடங்கவில்லை. பகவதியின் அருள் ஏறிய அந்த வெளிச்சப்பாடாக வாழ்ந்து காட்டியவரோ, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அந்தோணி!

படத்தில் வெளிச்சப்பாட்டின் குடும்பம் கடன்பட்டிருப்பது மைமுண்ணி என்ற முஸ்லிமிடம். எனினும் எம். டி. அவனை ஒரு மதத்தின் பிரதிநிதியாக அல்ல, கடன் கொடுத்தவனாகவே நிறுத்தியிருக்கிறார் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் மகளின் வாழ்வைக் குலைத்தவன், அதே தேவிக்குப் பூஜை செய்ய வந்த இளம் நம்பூதிரி அல்லவா?

பல ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டுப் பக்கத்துக் காவொன்றில், வெளிச்சப்பாடாகத் துள்ளி ஓய்ந்த முதியவர் ஒருவர், வெட்டுப்பட்ட நெற்றியில் மஞ்சள்பொடியை அப்பிக்கொண்டு திண்ணையில் அமர்ந்து, வாளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அருகில் இருந்த குழந்தையொன்று வாளில் கோத்த மணிகளைத் தொட்டுத் தொட்டு ஒலியெழுப்பிற்று; அவர் தடுக்கவில்லை. மற்றவர்களுக்கு அது தேவியின் ஆயுதம். அந்தக் குழந்தைக்கோ தாத்தாவின் வாள். வீட்டுக்குள் வளர்ந்தவனுக்கு அதன் எடை தெரியும், வெளியே நிற்பவனுக்கு அதன் மகிமை தெரியும் என்று அன்று தோன்றிற்று.

படத்தில் வேலையற்ற மகன் அப்பு அந்த வாளை விற்கத் துணிந்ததை நான் அதனாலேயே வெறும் துரோகமாகக் கருத இயலவில்லை. பசித்த வீட்டில் விலைபோகக்கூடிய பொருள் வேறென்ன மிஞ்சியிருந்தது? தந்தை அவனை வீட்டைவிட்டே துரத்திவிடுகிறார். வாள் வீட்டில் தங்கிவிடுகிறது. ஊரில் வைசூரி கண்டு, தேவியின் கோபம் தணியக் குருதி பூஜைக்கு ஜனங்கள் பணம் திரட்டும்போது, இத்தனை காலம் மறந்திருந்த வெளிச்சப்பாட்டை அவர்கள் மறுபடி நினைக்கிறார்கள். அவரும் மனம் பூரித்து வாளை எடுக்கிறார். அதே வேளையில் தம் மனைவியை மைமுண்ணியோடு காண நேர்ந்த பின், சந்நிதியில் அந்த வாளால் தம் நெற்றியைப் பிளந்து, இரத்தத்தைத் தேவியின் முகத்திலேயே உமிழ்ந்து விழுகிறாரே, அந்தக் காட்சியைப் பற்றியும், மலையாள நடிகர்களில் முதன்முதலாக அந்தோணிக்குப் பரத் விருதைப் பெற்றுத்தந்த அந்த முகத்தைப் பற்றியும் அடுத்த வாரம்.