ஒரு ராணி எறும்பு விலை 18 ஆயிரம் ரூபாய்!

கரிசல் காட்டில் ஓசியில் பார்க்கும் வேடிக்கைக்கு வெளிநாட்டில் தண்டனை வாங்கிய வாலிபர்கள்

தங்கம் கடத்தினால் கைது. யானைத் தந்தம் கடத்தினால் கைது. எறும்பு கடத்தினால்?

அதற்கும் கைதுதான்!

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில் 2025-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி நடந்தது இது. நக்குரு என்ற மாவட்டத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்த பெல்ஜியம் நாட்டு வாலிபர்கள் 2 பேர் பிடிபட்டார்கள். இரண்டு பேருக்கும் வயது 19. அவர்களிடம் சிக்கியவை 2,244 சிறிய குழாய்கள். குழாய்க்குள் ஈரப் பஞ்சு. பஞ்சுக்குப் பக்கத்தில் எறும்பு!

எண்ணிப் பார்த்ததில் சுமார் 5 ஆயிரம் எறும்புகள். பெரும்பாலும் ராணிகள்.

பஞ்சில் உள்ள ஈரத்தை வைத்துக்கொண்டே இந்த எறும்பு 2 மாதம் வரை உயிரோடு இருக்குமாம். விமான நிலையச் சோதனையில் கண்ணில் மண்ணைத் தூவத்தான் இப்படி ஒரு ஏற்பாடு என்று கென்ய வனவிலங்கு அதிகாரிகள் சொன்னார்கள்.

கோர்ட்டில் வாலிபர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பொழுதுபோக்குக்காகப் பிடித்தோம், சட்டப்படி தப்பு என்று தெரியாது என்று முறையிட்டார்கள். எடுபடவில்லை. மே 7-ந் தேதி தீர்ப்பு. தலைக்கு 10 லட்சம் ஷில்லிங் அபராதம். நம் ஊர்ப் பணத்தில் சுமார் ஆறரை லட்சம் ரூபாய். கட்டத் தவறினால் 12 மாதம் ஜெயில்.

தனி வழக்கில் சிக்கிய ஒரு வியட்நாம்காரருக்கும் ஒரு கென்யாக்காரருக்கும் இதே தண்டனைதான். அவர்களிடம் இருந்தவை 400-க்குச் சற்று மேல். எண்ணிக்கை குறைவு என்று கோர்ட்டு இரக்கம் காட்டவில்லை.

யார் வாங்குகிறார்கள்?

நாய் வளர்ப்பார்கள். கிளி வளர்ப்பார்கள். எறும்பை வளர்ப்பார்களா?

வளர்க்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் எறும்புக்கு அறை, சுரங்கம், நடை எல்லாம் கட்டித் தருகிறார்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு.

கென்யாவில் சிக்கிய ஜாதி உருவத்தில் பெரியது. ராணி ஒன்று 220 டாலர் வரை விலை போகும் என்று செய்திகள் வந்தன. அதாவது சுமார் 18 ஆயிரம் ரூபாய்.

அப்படி என்ன விசேஷம் அதில்? அது தானியம் சேர்க்கும் எறும்பு. காட்டில் விழும் விதைகளைப் பொறுக்கி வந்து புற்றுக்குள் களஞ்சியம் போட்டு வைக்கும். அவ்வளவுதான்!

கம்பு திருடும் எறும்பு

இதைக் கோவில்பட்டி பக்கத்துச் சம்சாரியிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். தானியம் சேர்க்கும் எறும்பை அவர் வளர்க்க வேண்டியதில்லை. அதுதான் அவருடைய விதையைத் தின்று வளர்கிறதே!

கரிசல் காடு மானம் பார்த்த பூமி. மழைக்கு முன்னாலேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது இங்கே வழக்கம். அந்த இடைவெளிதான் எறும்புக்கு அறுவடைக் காலம். கம்பு, எள் போன்ற பொடி விதை என்றால் கேட்கவே வேண்டாம். சாரை சாரையாக வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். புற்று வாசலைச் சுற்றி உமியும் சக்கையும் வட்டமாகக் குவிந்து கிடந்தால், உள்ளே களஞ்சியம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆப்பிரிக்க எறும்பைப் போல அவ்வளவு பெரிய ஜாதி அல்ல. ஆனால் தொழில் அதே தொழில்.

மழையில் களஞ்சியம் நனைந்துவிட்டால்? வெயில் வந்ததும் விதைகளை வெளியே தூக்கி வந்து காயப் போடும். 1829-ம் ஆண்டு பூனாவில் சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி காலை நடையின்போது இதைக் கண்டு அசந்துபோய் எழுதி வைத்தார். இங்கே களத்து மேட்டில் நெல் காயப் போடுவதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, பாய் விரிக்காததைத் தவிர.

முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்று எறும்பைப் பார்த்து மழை சொல்வதும், வாசலில் அரிசி மாவுக் கோலம் போட்டு எறும்புக்குப் படியளப்பதும் இந்தச் சீமையில் காலம் காலமாக உள்ள பழக்கம். தீப்பெட்டிக்குள் பொன்வண்டைப் போட்டு இலை வைத்து வளர்க்காத பையன் தீப்பெட்டி ஊரான கோவில்பட்டியில் இருந்திருப்பானா? ஆக, பூச்சி வளர்ப்பு புதுசு இல்லை. எறும்பு வளர்ப்பதில் உள்ள சூட்சுமம்தான் புதுசு.

ராணி எங்கே?

சும்மா பத்து எறும்பைப் பிடித்து பாட்டிலில் போட்டால் சில வாரத்திலோ சில மாதத்திலோ செத்துப்போகும். வேலைக்கார எறும்புகள் குடும்பத்தைப் பெருக்காது. ராணி வேண்டும்.

அதற்காகப் புற்றைத் தோண்டுவது முட்டாள்தனம். ராணி ஆழத்தில் இருக்கும், கைக்குக் கிடைக்காது, கிடைப்பதற்குள் ஒரு ஊரே அழிந்துவிடும்.

ராணி தானாக வெளியே வரும் நாள் ஒன்று உண்டு. நல்ல மழை பெய்து விட்டதும் புற்றுகளிலிருந்து சிறகு முளைத்த எறும்புகள் பறக்கும். ஆணும் பெண்ணும் கூடும். அத்தோடு ஆண் எறும்பின் கதை முடிந்தது. பெண் கீழே இறங்கித் தன் சிறகைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு, பொந்து தேடி ஓட ஆரம்பிக்கும். அதுதான் ராணி. அன்றைக்கு வாங்கிய விந்தை ஆயுள் முழுவதும் சேமித்து வைத்து முட்டையிடும்.

ஒரு எச்சரிக்கை. விளக்கைச் சுற்றி வந்து விழும் ஈசல் வேறு. அது கறையான் ஜாதி. எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி இருக்கும். முன் சிறகு நீளம், பின் சிறகு குட்டை. ஈசலுக்கு இடுப்பே கிடையாது. நான்கு சிறகும் ஒரே அளவு. இது தெரியாமல் ஈசலைப் பிடித்து வைத்துக்கொண்டு எறும்பு வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

பஞ்சும் பாட்டிலும்

கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பள்ளிக்கூட லேபில் இருக்கும் சோதனைக் குழாய் ஒன்று போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பஞ்சை அடைத்து, மிச்ச இடத்தில் ராணியை விட்டு, வாயிலும் லேசாகப் பஞ்சு. கென்யாவில் பிடிபட்ட வாலிபர்கள் செய்த அதே வேலைதான். பிறகு இருட்டில் வைத்துவிட வேண்டும்.

சாப்பாடு? பெரும்பாலான ஜாதிகளில் ராணிக்கு ஒன்றும் வேண்டாம். இனிமேல் பறக்கப் போவதில்லை என்பதால் சிறகுக்குரிய சதையையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். பட்டினி கிடந்து பிள்ளையை ஆளாக்கும் தாய்!

முட்டை, புழு, கூடு என்று மாறி முதல் எறும்பு வெளிவர ஜாதியைப் பொறுத்து ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். பலர் தோற்பது இங்கேதான். தினமும் எடுத்து ஆட்டி ஆட்டிப் பார்ப்பார்கள். மிரண்டுபோன ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும்.

முதல் குட்டி எறும்புகள் வந்த பிறகு ஒரு சொட்டுச் சீனித் தண்ணீர், செத்த ஈ, கொசு. தானிய ஜாதி என்றால் நாலு கம்பு, கொஞ்சம் எள். கடலை மிட்டாய்த் துணுக்கு போட்டாலும் வேண்டாம் என்று சொல்லாது. கோவில்பட்டிக் கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

"ஏலே, சீனி டப்பாவுல ஏறுதது பத்தாதுன்னு நீ வேற வளக்கியா?" என்று அம்மாக்கள் சத்தம் போடுவது நியாயம்தான். அதற்கும் வழி அம்மாக்களிடமே இருக்கிறது. சீனி டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்கள் அல்லவா? எறும்புப் பெட்டியையும் அப்படியே வைத்தால் உள்ளே இருப்பது வெளியே வராது.

பேங்கு லீவு தந்த மனிதர்

இந்தத் தண்ணீர்த் தட்டு வித்தையை வைத்தே உலகப் புகழ் பெற்றார் ஒருவர். பெயர் ஜான் லப்பக். லண்டன் பேங்கு முதலாளி, பார்லிமெண்டு மெம்பர். 1871-ம் ஆண்டு இங்கிலாந்தில் பேங்கு விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவர் இவரே. உலகத்துக் குமாஸ்தாக்கள் இவரைக் கும்பிட வேண்டும்.

லப்பக் தன் வீட்டில் இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே மண்ணைப் போட்டு எறும்பு வளர்த்தார். ஒவ்வொரு எறும்புக்கும் பெயிண்டில் அடையாளப் பொட்டு வைத்து யார் எங்கே போகிறது என்று குறித்தார்.

ஒரு நாள் எறும்புகளுக்கு மதுவைக் காட்டி மயக்கிவிட்டார்! போதையில் கிடந்தவற்றை மற்ற எறும்புகள் வந்து பார்த்தன. சொந்தப் புற்று எறும்பு என்றால் பெரும்பாலும் வீட்டுக்குத் தூக்கிப் போயின. அயலூர்க்காரன் என்றால் பெரும்பாலும் சுற்றியிருந்த தண்ணீர் அகழியில் தள்ளிவிட்டன. குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவர்கள் யார் வீட்டு வாசலில் விழுகிறோம் என்று பார்த்து விழ வேண்டும் போலிருக்கிறது.

பல நிறக் கண்ணாடியைப் புற்றின் மேல் வைத்துப் பார்த்தார். சிவப்புக்குக் கீழே எறும்புகள் நிம்மதியாகக் கூடின. ஊதாவைக் கண்டால் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. மனிதக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் எறும்புக்குத் தெரிகிறது என்று இதிலிருந்து கண்டுபிடித்தார். இப்போதும் எறும்பு வளர்ப்பவர்கள் குழாயைச் சிவப்புத் தாளால் மூடுவது அதனால்தான். எறும்புக்கு அது இருட்டு, பார்ப்பவருக்கு வெளிச்சம்.

1874-ல் அவர் பிடித்த ராணி ஒன்று 1888 வரை உயிரோடு இருந்தது. ஐரோப்பாவில் இன்னொரு ஜாதி ராணி வளர்ப்பில் 28 வருஷத்துக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. பொழுதுபோக்காக ஆரம்பிப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை திருட்டு, பதவிச் சண்டை

எறும்பு உழைப்பாளி, ஒழுக்கமானது என்பதெல்லாம் பாடப் புத்தகம். உள்ளே நடப்பது வேறு.

கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் சுமனா அன்னகிரி குழுவினர் கட்டெறும்பு போன்ற ஒரு கறுப்பு ஜாதியை வளர்த்துப் பார்த்தார்கள். வீடு மாறும் நேரத்தில், காவல் இல்லாத கூட்டுப் புழுக்களைப் பக்கத்துப் புற்று எறும்புகள் வந்து திருடிக்கொண்டு போயின. திருடிய பிள்ளைகள் வளர்ந்ததும் திருடர் வீட்டுக்கே கூலி இல்லாமல் உழைத்தன. 2016-ல் இது ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது.

தென்னிந்தியாவில் குதித்து வேட்டையாடும் எறும்பு ஒன்று உண்டு. 1990-களில் கர்நாடகத்தில் பிடித்துக்கொண்டு போன குடும்பங்களை வைத்து அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சியே நடக்கிறது. இதில் ராணி செத்தால் வேலைக்கார எறும்புகள் ஒன்றை ஒன்று உணர்கொம்பால் அடித்து நாள் கணக்கில் சண்டை போடும். ஜெயிப்பவை முட்டையிடும் பதவிக்கு வரும். பதவிக்கு வந்ததும் மூளை சுமார் கால் பங்கு வரை சுருங்கிவிடுகிறது! பதவி போனால் மறுபடி வளர்ந்துவிடுகிறது. 2021-ல் இது வெளியானது. சொன்னது எறும்பைப் பற்றி மட்டும்.

நத்தத்தில் என்ன நடந்தது?

விளையாட்டு வினையாகும் இடமும் உண்டு. 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரத்துக் கிராமங்களில் மஞ்சள் நிற எறும்புக் கூட்டம் புகுந்தது. இந்த ஜாதி கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண் போய்விட்டது என்று விவசாயிகள் கதறினார்கள். காலில் ஏறி மேலே பரவியதால் காட்டு வேலைக்குப் போக முடியாமல் தவித்தார்கள்.

உலகிலேயே மோசமாகப் பரவும் 100 உயிரினங்கள் பட்டியலில் உள்ள எறும்பு அது. சரக்கோடு சரக்காகக் கப்பலேறி நாடு நாடாகப் போனது. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றது.

இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அயல்நாட்டு எறும்பைத் தபாலில் வரவழைப்பதைக் கண்டால் அலறுகிறார்கள். ஒரு ராணி தப்பினால் போதும். வெளியூர் எறும்பையும் கொண்டுவரக் கூடாது. சரணாலயத்துக்குள் போய்ப் பிடித்தால் வனச் சட்டம் பாயும்.

வளர்த்துச் சலித்துவிட்டால் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அந்தப் பொறுமையும் இல்லாதவர்கள் குழாயே எடுக்க வேண்டாம். மழை விட்ட மறுநாள் கரிசல் காட்டுப் பக்கம் போய், உமி வட்டம் உள்ள புற்றாகப் பார்த்து, நாலு கம்பைத் தூவிவிட்டு உட்கார்ந்தால் போதும். டிக்கெட் கிடையாது.