நோக்கியா ஆலை மூடப்பட்டதும் நம் கிராமங்களும்

காஞ்சி நகரத்தை ஒட்டியுள்ள ஏனாத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் விடியற்காலையில் எழுந்து பழகிய நமது அங்கத்தினர்கள் ஒரு காட்சியை நன்கு அறிவார்கள். பெரியவர்கள் தறிக்குழியில் இறங்குவதற்கு முன்பே, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இளம்பெண்களும் வாலிபர்களும் சாலை முனையில் வந்து நிற்பார்கள். ஆலைப் பேருந்து வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும். நெசவாளியின் மகளும் பயிரிடுவோரின் மகனும் அதில் அருகருகே அமர்ந்து செல்வார்கள். இவ்வழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றக் காரணமாயிருந்த ஆலைகளுள் ஒன்று வந்த வரலாற்றையும் போன வரலாற்றையும் சற்று விரிவாக எடுத்துக்கூற விரும்புகிறோம். சங்கத்தின் கணக்குப் புத்தகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனி 2005 ஏப்ரலில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வளாகத்தில் சுமார் 210 ஏக்கர் நிலத்தில் விசேஷப் பொருளாதார மண்டலம் அமைந்தது. 2006-ன் தொடக்கத்திலேயே கைப்பேசிகள் வெளிவரலாயின. வரிச் சலுகைகள் தாராளமாக வழங்கப்பட்டன. அதே 2005-06ஆம் ஆண்டில்தான் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. தறிக்குப் பெயர் கிடைத்த வருஷத்திலேயே தறியிலிருந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பேருந்தும் வந்து சேர்ந்ததை என்னவென்று சொல்வது!

ஆலை உச்ச நிலையில் இருந்தபோது நேரடியாக வேலை பார்த்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேறு. உதிரிப் பாகங்கள் செய்யும் பாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற கம்பெனிகளும் அதே வளாகத்தில் வந்து அமர்ந்தன. தொழிலாளரில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பையோ டிப்ளமோவையோ அப்போதுதான் முடித்த இளம்பெண்கள். 50 கோடிக்கு மேற்பட்ட கைப்பேசிகள் அவர்கள் கையால் உருவாகி உலகெங்கும் சென்றன.

ஒருவருக்குச் சராசரியாக மாதம் 10,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 8,000 பேருக்கு மாதம் 8 கோடி ரூபாய். இந்தப் பணம் ஆலை வாசலோடு நிற்பதில்லை. வாடகை வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், வேன் வைத்திருப்பவர், பால் ஊற்றுபவர், நகைக் கடைக்காரர், சீட்டு நடத்துபவர் என்று கைமாறிக்கொண்டே போகிறது. நிலத்தைக் கொடுத்துவிட்ட விவசாயி, கிடைத்த தொகையில் நாலு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். விளைச்சலை நம்பியிருந்தவர் இப்போது வாடகையை நம்புகிறார். வாடகையோ ஆலையின் சங்கொலியை நம்புகிறது.

நெசவாளர் வீட்டில் நேர்ந்தது வேறு. கோர்வைச் சேலை நெய்வோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பயிரிடும் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறோம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்கும் அச்சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வீச இன்னொரு கை வேண்டும். முற்காலத்தில் அந்தக் கை பெரும்பாலும் சிறு பிள்ளையின் கையாகவே இருந்தது. அவ்வழக்கம் ஒழிந்தது நல்லதே, அதற்காக எவரும் வருந்த வேண்டாம். பின்னர் வளர்ந்த மகனோ மகளோ மனைவியோ அமர்ந்தார்கள். மகனும் மகளும் பேருந்து ஏறியபின் பல தறிகளில் கோர்வை நின்று, ஒரே ஆளால் நெய்யக்கூடிய சேலைக்கு மாறலாயிற்று. துணையாளுக்குக் கூலி கொடுத்து நெய்தால் நெசவாளிக்கு மிஞ்சுவது சொற்பம். பிள்ளைகளை நாம் குறைகூற மாட்டோம். மாதம் பிறந்தால் வங்கியில் விழும் சம்பளத்தையும், மழை பெய்தால் பாவு ஈரம் வாங்கிப் பாதியில் நிற்கும் தறியையும் ஒப்பிட்டு, எந்தத் தாயும் மகளைப் பேருந்துக்கே அனுப்புவாள். தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருந்த முதல் பெண் அவள்தான் என்று சொல்லக்கூடிய வீடுகள் பல.

ஆலை வாழ்க்கை இன்பமயமானது என்றும் எண்ண வேண்டாம். 2009, 2010ஆம் ஆண்டுகளில் சம்பளத்துக்காக வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010இல் ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார்.

முடிவு எவ்வாறு வந்தது? 2013 ஜனவரியில் வருமானவரி அதிகாரிகள் ஆலையில் சோதனையிட்டனர். தாய்க் கம்பெனிக்கு மென்பொருளுக்காக அனுப்பிய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டனர். மாநில அரசும் விற்பனைவரி வகையில் 2,400 கோடி கேட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை அமெரிக்காவின் மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனை 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டில் நிலைபெற்றது. 2014 ஏப்ரல் 25இல் விற்பனை முடிந்தபோது இவ்வாலை மட்டும் அதில் சேராமல் நின்றுவிட்டது. மைக்ரோசாப்டுக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஆலையாகச் சில மாதங்கள் ஓடி, அந்த ஒப்பந்தமும் ரத்தாகி, 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே, விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஏறத்தாழ 5,000 பேர் தொகை பெற்றுக்கொண்டு வெளியேறியிருந்தனர். டிசம்பரில் பாக்ஸ்கானும் அங்கே வேலையை நிறுத்தியது.

வரிச் சண்டையே ஆலையை மூடிற்று என்பாரும் உளர். அது பாதி உண்மை. தொடுதிரைக் கைப்பேசிகள் வந்தபின் நோக்கியாவின் விற்பனை உலகெங்கும் சரிந்துகொண்டிருந்தது. வழக்கு இல்லாவிட்டால் ஆலை இன்னும் சில வருஷம் ஓடியிருக்கலாம். என்றைக்கும் ஓடியிருக்கும் என்று நாம் சொல்லத் துணியோம். வரித் தகராறு இரு தேசங்களுக்கிடையே பேசி 2018இல் தீர்ந்தது. வேலை இழந்தவர்களுக்கு அத்தீர்ப்பினால் ஒரு பயனும் இல்லை.

விருப்ப ஓய்வுத் தொகை சில லட்ச ரூபாய். இருபத்தைந்து வயதில் ‘ஓய்வு’ என்ற சொல்லே விந்தை! தொகையில் ஒரு பங்கு கடனை அடைத்தது, ஒரு பங்கு கலியாணத்துக்குப் போயிற்று, ஒரு பங்கு வீட்டுக் கூரைக்குப் போயிற்று. கைப்பேசி உறுப்புகளைப் பொருத்தக் கற்ற கைத்திறனுக்கு வேறு தொழிலில் விலை இல்லை. காலியான அறைகளின் சொந்தக்காரர் தாம் வாங்கிய கட்டடக் கடனுக்கு வட்டி கட்ட வழியின்றி நின்றார். மாதத் தவணையில் வேன் வாங்கியவர் நிலையும் அதுவே. கடை வைத்தவர்கள் நோட்டில் எழுதிய பாக்கி நோட்டிலேயே தங்கியது.

ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்னும் ஊரில் 1924 முதல் நடந்துவந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பை நிறுத்திற்று. அங்கே தாத்தாவும் தந்தையும் வேலை பார்த்து முதுமையில் ஓய்வு பெற்ற குடும்பங்கள் உண்டு. ஆலையோடு ஊரும் சேர்ந்து வளர்ந்தது. நம் ஆலையோ ஒன்பது வருஷமும் நிறையவில்லை. அதற்குள் நிலம் கைமாறியது, தறியில் துணையாள் இல்லாமற்போனது, கடன் ஏறியது.

போன இளைஞர்கள் மீண்டும் தறிக்கு வந்தார்களா என்று கேட்கலாம். மிகச் சிலரே வந்திருக்கக்கூடும். பட்டு நெசவு, விட்ட இடத்தில் மறுநாள் தொடரும் வேலையன்று. இழை அறுந்தால் கண் பார்க்குமுன் விரல் அறிய வேண்டும்; அதற்கு வருஷங்கள் ஆகும். ஆண்டுகள் பலவாகத் தறியைத் தொடாதவருக்குக் கோர்வை கைவராது.

மூடிக்கிடந்த நோக்கியா ஆலையைச் சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஆப்பிள் கைப்பேசிகளைச் செய்கிறது. பேருந்துகள் மறுபடியும் வருகின்றன. ஆனால் ஏறுகிறவர்கள் வேறு. 2014இல் வெளியேறியவர்கள் இப்போது முப்பதைக் கடந்து நாற்பதை நெருங்குகிறார்கள். ஆலைகளோ பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் இருப்போரையே தேடுகின்றன.

ஆகவே கடன் கமிட்டிகளுக்கு ஒரு யோசனை. மகனின் ஆலைச் சம்பளச் சீட்டைக் காட்டி வீட்டுக் கடனோ வாகனக் கடனோ கேட்கும் அங்கத்தினருக்கு மறுக்க வேண்டாம். எத்தனை மாதத் தவணை என்பதை மட்டும், அந்தச் சம்பளம் நின்றுபோனால் தறியின் கூலியிலோ நிலத்தின் விளைச்சலிலோ கட்ட முடியுமா என்று பார்த்து நிர்ணயிக்கலாம். தறிக்குழியை மூடி அறை கட்டக் கடன் கேட்டால், குழியை விட்டுவைத்துக் கட்டும்படி சொல்லிப் பார்க்கலாம். இரண்டடி இடம்தான் கூடுதல் செலவு. கோர்வைத் துணையாளுக்குத் தனிக் கூலி நிர்ணயிப்பது பற்றியும் மகாசபையில் பேச வேண்டும். இவற்றில் எது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதை அங்கத்தினர்களே அறிவர். தங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆலை வேலை போனபோது கடனை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை எழுதியனுப்பினால், வரும் இதழில் இடம் ஒதுக்குவோம்.