பெயரைவிடத் தோட்டம் உதவும்

மலேசியாவின் கெடாவில் தங்கள் பூர்வீகம் தேடும் தமிழர்கள் பெயரிலிருந்து தொடங்கினால் சீக்கிரமே தடுமாறுவார்கள். தந்தை பெயரே பின்பெயராக வருவதால் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும், முனியாண்டி போன்ற ஒரே பெயர்க்காரர்களோ ஏராளம். நேட்டால், பிஜிக்குப் போன ஒப்பந்தக் கூலிகளுக்கு ஊர், சாதி, தந்தை பெயரோடு ஆள்வாரிப் பதிவு உண்டு. மலாயாவுக்கான ஒப்பந்த ஆள்சேர்ப்போ 1910இல் நின்றது. 1909இல்தான் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்த கெடாவின் ரப்பர் தோட்டங்களைப் பெரும்பாலும் கங்காணிகள் (ஆள் சேர்த்து மேற்பார்க்கும் தலைவர்கள்) திரட்டியவர்களே நிரப்பினார்கள்; அவர்களுக்கு அப்படிப்பட்ட ஒப்பந்தப் பதிவு இல்லை. ஆகவே முதலில் பிடிக்க வேண்டியது தோட்டத்தின் பெயரை. பிறப்புப் பத்திரமும் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் அதைத் தரக்கூடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஏடுகள் அழிந்தனவே என்பார்கள். உண்மைதான். ஆனால் கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் உறவிலும்தான் ஆள் சேர்த்தார். அதனால் பக்கத்து லயத்துக் குடும்பத்தின் பழைய கடப்பிதழில் உள்ள ஊரே நம் ஊராகவும் இருக்கலாம். அது நிரூபணமல்ல, துப்பு. அந்த ஊரின் குலதெய்வக் கோயிலில் விசாரித்துச் சரிபார்க்க வேண்டும்.