கண்ணாடி உடைந்தாலும் வயல் வயல்தான்!

லண்டனுக்கு வடக்கே லீ நதிப் பள்ளத்தாக்கில் நேசிங், ராய்டன், வால்தம் ஆபி என்று வரிசையாக ஊர்கள். ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே பசுமைக்குடில்கள் அதிகம் இருந்த வட்டாரம் இதுதான். தக்காளியும் வெள்ளரியும் இங்கிருந்து லண்டன் சந்தைக்குப் போயின. 1970-களில் எண்ணெய் விலை எகிறியதும் குடில்களைச் சூடாக்கும் செலவு கையைக் கடித்தது. மலிவான இயற்கை எரிவாயு வைத்திருந்த நெதர்லாந்து விவசாயிகளோடு மல்லுக்கட்ட முடியாமல் சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன. தாக்குப்பிடித்தவர்கள் இன்றும் வெள்ளரியும் குடைமிளகாயும் விளைவிக்கிறார்கள்.

மூடிய குடில்களை யார் பிரிப்பது? கூரைக் கண்ணாடி உதிர்ந்து, சட்டங்களுக்கு மேலே முட்புதர் எட்டிப் பார்க்கும். பழைய வெந்நீர்க் குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருக்கலாம். மண்ணுக்குள் இறங்கிய கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்காமல் அங்கே ஏர் பூட்ட முடியாது. பிரித்து அப்புறப்படுத்தும் செலவை விவசாய வருமானம் தாங்காது.

வீட்டுமனை ஆசை

பாழாய்க் கிடக்கும் இடத்தில் வீடு கட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. தோட்டப்பயிரும் நாற்றங்காலும் விவசாயத்தில் அடக்கம் என்கிறது 1990-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். புதிதாகக் கட்ட எளிதில் அனுமதி கிடைக்கும் ‘ஏற்கெனவே கட்டடம் கண்ட நிலம்’ என்ற பட்டியலில் விவசாயக் கட்டடம் இருந்த இடம் சேராது. குடில் இடிந்தாலும் அந்த மண் வயலாகவே எண்ணப்படும். பசுமைக்குடில்களைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று 2024 ஜூலையில் அரசே கருத்துக் கேட்டது. டிசம்பரில் வந்த புதிய திட்டமிடல் கொள்கையில் சேர்க்கவில்லை.

இதில் நியாயம் உண்டு. மனைக்குக் கிடைக்கும் விலை விவசாய நிலத்தைவிடப் பல மடங்கு. பாழாக விட்டால் மனையாகும் என்று தெரிந்தால், நன்றாக ஓடும் பண்ணையையும் வேண்டுமென்றே பூட்டிப்போட ஆள் வருவார்கள்.

நோட்டீஸின் பலம்

பாழாக்கியவருக்குப் பரிசு கிடையாது, சரி. சுத்தம் செய்ய வைக்க வழி உண்டா? அதே சட்டத்தின் 215-ஆவது பிரிவின்படி, சுற்றுப்புறத்தின் எழிலைக் கெடுக்கும் நிலத்தைச் சீராக்கச் சொல்லி உள்ளூர் மன்றம் நோட்டீஸ் அனுப்பலாம். பணியாவிட்டால் அபராதம் உண்டு; அதற்கு இப்போது உச்சவரம்பு இல்லை. மன்றமே ஆள் வைத்துச் சுத்தம் செய்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் அதிகாரம் உண்டு.

ஆனால் ஒரு ஓட்டையும் இருக்கிறது. சட்டப்படியான பயன்பாட்டில் இயல்பாக விளைந்த நிலைதான் இது என்று உரிமையாளர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நியாயமாகக் கட்டிய குடில் காலப்போக்கில் சிதைந்தது என்று அவர் வாதாடினால் மன்றத்தின் பாடு திண்டாட்டம்தான். மன்றமே பிரிக்கலாம் என்றாலும் முதலில் கைக்காசு போட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காலிக் குடிலைச் சத்தமில்லாமல் கேரவன் நிறுத்துமிடமாகவோ கிடங்காகவோ மாற்றி, 10 ஆண்டு யாரும் தடுக்காமல் நடத்திவிட்டால் மன்றம் பிறகு நடவடிக்கை எடுக்க முடியாது.

கட்டும்போதே கேளுங்கள்

தனி அனுமதி தேவைப்படாத விவசாயக் கட்டடங்களுக்கு அங்கே ஒரு விதி இருக்கிறது. கட்டி 10 ஆண்டுக்குள் விவசாயம் நிரந்தரமாக நின்று, அடுத்த 3 ஆண்டுக்குள் வேறு அனுமதியும் பெறாவிட்டால் கட்டடத்தை அகற்ற வேண்டும். விதி நல்லதுதான், ஆனால் குடிலின் ஆயுள் 10 ஆண்டைத் தாண்டியது. பதினோராவது ஆண்டில் கைவிட்டவரை இந்த விதி தொடாது.

சோலார் பண்ணைக்கு அனுமதி தரும்போது, காலம் முடிந்ததும் கழற்றி நிலத்தைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது அங்கே வழக்கம். பசுமைக்குடிலுக்கும் அப்படியே செய்து, பிரிக்கும் செலவுக்கான வைப்புத்தொகையை அனுமதியின்போதே வாங்கி வைப்பதுதான் வழி. விளைச்சல் இருக்கும்போது விவசாயியிடம் பணம் இருக்கும். கண்ணாடி உடைந்த பிறகு நோட்டீஸை வாங்கக்கூட அங்கே ஆள் இருக்க மாட்டார்.