வயிரத்தில் மரகத வெட்டு

மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட நிலையில் வயிரம் கண்ணைக் கவர்வதன்று. பழகாதார் ஒருவர் அதனை மங்கிய கண்ணாடித் துண்டெனக் கருதிக் கடந்து போதலும் கூடும். கல்லினுள் அடங்கிக் கிடக்கும் ஒளியை வெளிக்கொணர்வது மனிதனுடைய கைவினையே. அக்கைவினையைப் பட்டை தீட்டுதல் என்று நம்மவர் வழங்குவர். கல் ஒன்றேயாயினும் தீட்டும் முறைகள் பல. அவற்றுள் வட்டவெட்டே பெருவழக்காயுள்ளது. ஏனைய வடிவங்களையெல்லாம் அலங்கார வெட்டுக்கள் என வணிகர் ஒரு தொகுதியாக்கிக் கூறுவர். அத்தொகுதியுட் சேர்ந்த மரகத வெட்டு ஒரு தனிப் பண்புடையது. ஏனைய வெட்டுக்கள் மின்னி ஈர்க்க, இஃது அமைதியினால் ஈர்க்கின்றது. இதன் அமைப்பு யாது, இதனை நாடுவோர் எதனை விரும்பி நாடுகின்றனர், வாங்குவோர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயிரமும் ஒளியும்

வெட்டின் இயல்பை அறியுமுன் வயிரம் ஒளியை எவ்வாறு நடத்துகின்றது என்பதை அறிதல் வேண்டும். பௌதிகவியல் பயிலும் மாணவர் கண்ணாடி அரியத்தைக் கொண்டு முழுவுட்டெறிப்பினைக் கண்டிருப்பர். சாதாரண கண்ணாடியின் முறிவுச்சுட்டி ஏறக்குறைய 1.5, வயிரத்தின் முறிவுச்சுட்டி 2.42. இதனால் கண்ணாடியில் 42 பாகையளவாயுள்ள அவதிக்கோணம் வயிரத்தில் 24½ பாகையளவாகக் குறைகின்றது. அஃதாவது, வயிரத்தினுட் புகுந்த ஒளிக்கதிர் வெளியேறுவதற்குள்ள வாயில் மிகக் குறுகியது. அவ்வாயிலுக்குப் புறம்பான கோணத்தில் உட்பக்கத்தைத் தாக்கும் கதிர் அனைத்தும் மீண்டும் உள்ளேயே தெறிக்கப்படும்.

தீட்டுவோனின் வித்தை முழுவதும் இவ்வொரு தத்துவத்தின்மேல் நிற்கின்றது. மேற்புறத்தால் நுழைந்த கதிர் அடிப்பாகத்தின் ஒரு பக்கத்திலே தெறித்து, எதிர்ப்பக்கத்திலே மீண்டும் தெறித்து, மேற்புறத்தாலேயே வெளிவந்து காண்போர் கண்ணை அடைதல் வேண்டும். அடிப்பட்டைகள் மிகச் சாய்ந்து தட்டையாயினும், மிகச் செங்குத்தாயினும் ஒளி கீழ்வழியாகவோ பக்கவழியாகவோ ஒழுகிப்போம். வட்டவெட்டிற்குப் பொருத்தமான கோணங்களையும் அளவுகளையும் மார்ஸல் தொல்கோவ்ஸ்கி என்பார் 1919ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலே கணித முறையாக ஆராய்ந்து கூறினார். அதன்பின் வட்டவெட்டுக்கு ஒரு திட்டமான இலக்கணம் அமைந்தது.

வெட்டின் அமைப்பு

மரகத வெட்டு மேலிருந்து நோக்குவார்க்கு நீள்சதுரமாய்த் தோன்றும். நான்கு மூலைகளும் சரிவாகக் கொய்யப்பட்டிருத்தலின் உண்மையில் அஃது எண்கோணமாகும். நடுவே அகன்ற தட்டையான மேற்றளம். அதனைச் சூழ்ந்து, கோயிற் கேணியின் படிக்கட்டுகள் போல, ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்ட பட்டைகள் விளிம்புவரை இறங்கும். விளிம்பின் கீழேயும் அவ்வாறே படிகள் தொடர்ந்து சென்று, கல்லின் அடியில் ஒரு கோட்டிலே முடியும். வழக்கமான அமைப்பில் மேலே மூன்று வரிசைகளில் 24 பட்டைகளும் மேற்றளமும், விளிம்பில் 8 பட்டைகளும், கீழே 24 பட்டைகளுமாக 57 பட்டைகள் உண்டு. வட்டவெட்டின் பட்டைகளும் 57 அல்லது 58 ஆகும். எனவே இரண்டிற்குமுள்ள வேற்றுமை பட்டைகளின் தொகையாலாயதன்று; அவற்றின் வடிவாலும் நிரலாலும் ஆயது.

வட்டவெட்டிலே பட்டைகள் சிறு முக்கோணங்களும் பட்டங்களுமாகப் பல திசை நோக்கிச் சிதறியுள்ளன. கல் சிறிது அசையினும் எண்ணற்ற சிறு மின்னல்கள் தோன்றி மறையும். மரகத வெட்டிலோ பட்டைகள் நீண்டு, ஒன்றுக்கொன்று சமாந்தரமாயுள்ளன. அவை நிலைக்கண்ணாடிகள் போலத் தொழிற்படும். ஆகவே ஒளி பரந்த பட்டிகளாகப் பளிச்சிட்டு, அருகிலே கரும்பட்டிகளையும் உடன்காட்டும். ஒளியும் நிழலும் மாறி மாறி உள்ளே ஆழ்ந்து செல்வதனால், எதிரெதிரே கண்ணாடிகள் பதித்த மண்டபத்தை எட்டிப் பார்ப்பது போன்ற தோற்றம் உண்டாகின்றது. வெண்ணொளி பல நிறங்களாகப் பிரிந்து சுடர்விடும் நிறப்பிரிக்கையும் இதில் உண்டு; அது வட்டவெட்டிற்போலப் பொறிபொறியாய் அமையாது, அருகியும் அகன்றும் காணப்படும்.

மூலைகள் கொய்யப்பட்டமைக்குக் காரணம் அழகு மாத்திரமன்று. வயிரம் கடினத்தில் முதலிடம் பெற்றதாயினும் எண்முகியின் முகங்களுக்குச் சமாந்தரமான நான்கு திசைகளிலே பிளக்கும் இயல்புடையது. கூரிய மூலை ஓர் அடியிலே சிதறிப்போதல் கூடும். மரகதமோ இயல்பாகவே நொய்ம்மையுடையது. உள்ளே வெடிப்புக்களும் நிறைந்தது. அதனைக் காக்கும் பொருட்டு வழங்கிய இவ்வெட்டு வயிரத்துக்கு வந்தபோதும் மரகதத்தின் பெயரையே தாங்கி வந்தது.

வழிவந்த வரலாறு

இவ்வெட்டின் மூலத்தை ஐரோப்பாவிற் பதினைந்தாம் நூற்றாண்டளவில் வழங்கிய தள வெட்டிலே காணலாம். எண்முகியாய்க் கிடைத்த வயிரத்தின் மேல்முனையை வயிரப் பொடியினாலேயே தேய்த்துச் சதுரத் தளமாக்கினர். பின்னர் அத்தளத்தைச் சூழப் படிகளை அமைத்தனர். 1902இல் அம்ஸ்ரர்டாம் நகரத்து யோசேப் அஷர், உயர்ந்த முடியும் அகன்ற கொய்மூலைகளும் உடைய சதுரப் படிவெட்டு ஒன்றினை அமைத்து உரிமைப் பத்திரம் பெற்றார். 3,106 கரற் நிறையுள்ள கல்லினன் வயிரத்தை 1908இற் பிளந்தவர்களும் அவர் நிறுவனத்தினரே. 1925இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற அலங்காரக் கலைப் பொருட்காட்சியின் பின் நேர்கோடுகளையும் எளிய வடிவங்களையும் போற்றும் சுவை உலகெங்கும் பரவிற்று. கட்டடங்களிலும் தளபாடங்களிலும் அச்சுவை இடம்பெற்ற காலத்தில், நேர்கோடுகளாலேயே ஆய மரகத வெட்டும் மதிப்புப் பெற்றமை வியப்பன்று.

இவ்வெட்டின் வரலாற்றில் யொங்கர் வயிரத்தின் கதை சிறப்பாக எண்ணத்தக்கது. 1934 சனவரியிலே தென்னாபிரிக்காவில், பிறீமியர் சுரங்கத்துக்கு அண்மையில் இக்கல் அகப்பட்டது. நிறை 726 கரற். அஃதாவது ஏறக்குறைய 145 கிராம். நியூயோர்க் வணிகர் ஹரி வின்ஸ்ரன் இதனை வாங்கி, இலாசர் கப்லான் என்னும் வல்லுநரிடம் ஒப்படைத்தார். பிளக்கும் திசையை ஒரு சிறிது தவறவிடினும் கல் நொறுங்கிப்போம். கப்லான் பல மாதங்கள் கல்லை ஆராய்ந்த பின்னரே 1936இல் அதனைப் பிளந்தார். பதின்மூன்று கற்கள் பெறப்பட்டன. அவற்றுட் பெரியது 142.90 கரற் நிறையுடைய மரகத வெட்டாயிற்று. ஆயினும் அதன் உருவம் போதிய நீட்சியுடையதாய்த் தோன்றாமையால், அடுத்த ஆண்டில் அது மீண்டும் தீட்டப்பட்டு 125.35 கரற்றாகக் குறைக்கப்பட்டது. பதினேழு கரற்றுக்கு மேற்பட்ட வயிரத்தைப் பொடியாக்கித் துறந்து, ஒரு செம்மையான உருவத்தைப் பெற்றனர். நிறையே விலையென மதிக்கும் வாணிகத்திலே இத்துறவு சிறிதன்று. வெட்டு என்பது எத்துணை முக்கியமானது என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுவதில்லை.

நாட்டத்தின் காரணங்கள்

மரகத வெட்டினை வாங்குவோர் அதனை விரும்புதற்குக் காரணங்கள் சில உள. முதலாவது, அதன் அடக்கமான தோற்றம். 1956இல் மொனாக்கோ இளவரசர் மூன்றாம் இரெய்னியரை மணந்த நடிகை கிறேஸ் கெலி அணிந்த மோதிரம், பத்துக் கரற்றுக்கு மேற்பட்ட மரகத வெட்டுக் கல் பதித்தது. அத்தகையோர் அணிந்தமையால் இவ்வெட்டு பெருந்தன்மையின் அடையாளமெனக் கருதப்படலாயிற்று.

இரண்டாவது, கல் பெரிதாய்த் தோன்றுதல். இங்கே கணக்கைச் சிறிது நோக்குதல் நன்று. செம்மையாய்த் தீட்டிய ஒரு கரற் வட்டக்கல் ஏறக்குறைய 6.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதே நிறையுடைய மரகத வெட்டு ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் நீளமும் 5 மில்லிமீற்றர் அகலமும் உடையதாய் இருக்கும். மூலைகளைக் கழித்துப் பரப்பளவைக் கணித்தால் இரண்டும் 33 சதுர மில்லிமீற்றரை அடுத்தே நிற்கும். பரப்பிலே வேற்றுமை மிகச் சிறிது; கண்ணோ நீண்ட பக்கத்தைக் கொண்டே பொருளை அளக்கின்றது. விரலின் நீளப்போக்கிற் கல்லைப் பதிக்கும்போது விரலும் நீண்டதாய்த் தோன்றும்.

மூன்றாவது, விலை. எண்முகியாயுள்ள கல்லை வட்டமாய்த் தீட்டும்போது நிறையிற் பாதியளவு பொடியாய்ப் போதல் உண்டு. நீண்ட உருவுடைய கல்லை மரகத வெட்டாக்கின் இழப்புக் குறைவு. வட்டத்தை நாடுவோர் தொகையும் பெரிது. ஆதலால் ஒத்த நிறையும் தரமுமுடைய மரகத வெட்டு, பொதுவாக வட்டவெட்டினும் மலிவாகவே விற்கப்படுகின்றது.

குற்றத்தை மறையாத கல்

எனினும் இம்மலிவினை மாத்திரம் கருதி வாங்குவோர் ஏமாற்றமடைதல் கூடும். அகன்ற மேற்றளம் சாளரம் போன்றது. உள்ளேயுள்ள புள்ளியையும் கீற்றையும் அது மறையாது காட்டும். கண்ணாடி போன்ற அடிப்பட்டைகள் ஒரு புள்ளியைப் பலவாக்கிக் காட்டுதலும் உண்டு. கல்லின் மஞ்சட் சாயலும் இதில் எளிதிற் புலப்படும். வட்டவெட்டின் மின்னல்களிடையே மறைந்துவிடும் குற்றம் இங்கே மறைவதில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் கொல்கொண்டாச் சுரங்கங்களைப் பார்வையிட்ட பிரெஞ்சு வணிகர் தவேர்ணியே, இந்தியத் தீட்டுவோர் தூய கல்லை அதிகம் வெட்டாது விடுவர் என்றும், குற்றமுடைய கல்லின்மேற் பல சிறு பட்டைகளை இட்டுக் குற்றத்தை மறைப்பர் என்றும் எழுதினார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலே, மதுரை இரத்தினக் கடைவீதியைக் கூறுமிடத்து, வயிரத்துக்குரிய நால்வகைக் குற்றங்களை இளங்கோவடிகள் எண்ணிக் கூறுகின்றார். குற்றமறிந்து கல்லைத் தெரிதல் நம்மவர்க்குப் பழைய கலை என்பது இதனால் விளங்கும்.

ஆகவே வாங்குவோர் நான்கினை நோக்குதல் வேண்டும். முதலாவது, நடுத்தளத்தின் கீழே கண்ணுக்குப் புலனாகும் குற்றம் உண்டோ என்பது. இரண்டாவது, நீளத்துக்கும் அகலத்துக்குமுள்ள விகிதம், 1.3 முதல் 1.5 வரையுள்ளதைப் பலர் விரும்புவர், எனினும் இது சுவையைப் பொறுத்தது. மூன்றாவது, படிகள் சமாந்தரமாயும் மூலைகள் நான்கும் ஒத்தும் உள்ளனவோ என்பது. நீண்ட கோட்டிலே சிறு கோணலும் உடனே தெரியும். நான்காவது, கல்லை மெல்ல அசைக்கும்போது ஒளிப்பட்டிகள் உயிர்பெற்று இடம்மாறுகின்றனவோ என்பது. நடுப்பகுதி எப்பக்கம் திருப்பினும் கருமையாகவோ, கீழுள்ள பொருளைக் காட்டும் வெறுஞ்சாளரமாகவோ நிற்குமாயின் அடிக்கோணங்கள் பிழையெனக் கொள்க.

இந்நான்காவதனை விற்பனைப் பத்திரத்தை மாத்திரம் பார்த்து அறிதல் அரிது. அமெரிக்க இரத்தினவியல் நிறுவகம் வெட்டின் தரத்தை மதிப்பிட்டு வழங்கும் முறையை 2006இற் கொணர்ந்தபோது, அதனை வட்டவெட்டுக்கே வகுத்தது. மூன்று படிகளும் வெவ்வேறு கோணங்களில் அமைந்த மரகத வெட்டினை ஒரே சூத்திரத்தில் அடக்குதல் எளிதன்று. ஒரே நிறையும் நிறமும் தூய்மையும் பத்திரத்திற் குறிக்கப்பட்ட இரு கற்களுள் ஒன்று உயிருள்ளதாயும் மற்றையது மங்கியதாயும் இருத்தல் கூடும். நெடுநாள் உழைப்பாற் சேர்த்த பொருளைக் கொடுத்து வாங்குவோர் கல்லை நேரிலே, பகலொளியிலும் விளக்கொளியிலும் திருப்பிப் பார்த்தபின்னரே துணிதல் வேண்டும்.

மின்னும் வெட்டு சாதாரண கல்லையும் சிறப்பித்துக் காட்டும். மரகத வெட்டுக்கு அவ்வுதவி இல்லை. கல்லும் தூயதாய், தீட்டியவன் கையும் செம்மையாய் இருந்தாலன்றி அஃது அழகு பெறாது. அதனை நாடுவோர் விலை கொடுப்பது இவ்விரண்டின் பொருட்டே. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த கல்லை இனங்காணும் கண்ணையும் வாங்குவோர் பெற்றிருப்பாராயின், அவர் கொடுத்த பொருள் வீண்போவதில்லை.