பழுது குடியிருக்கும் இடங்கள்

மின்னணுக் கருவியொன்றில் எந்தப் பாகம் முதலில் மூப்படைகிறது என்பதை அறிந்தவருக்கு, அதன் பழுதுகளில் பல, பெட்டியைத் திறக்கும் முன்பே பிடிபட்டுவிடுகின்றன. உறைக்குள் அடைபட்ட சிலிக்கான் சில்லில் உலரும் திரவமும் இல்லை, தேயும் உறுப்பும் இல்லை. மிகை மின்னழுத்தமோ கடும் வெப்பமோ தாக்காத வரை அது பல பத்தாண்டுகள் உழைக்கும். அதைச் சுற்றியுள்ள மின்கலம், தொடுமுனை, மின்தேக்கி, பற்றவைப்பு, விசிறி, ரப்பர்ப் பட்டை ஆகியவற்றுக்கு அந்த ஆயுள் கிடையாது. 1950களின் வால்வு வானொலியும் இன்றைய மேசைக் கணினியும் வேறு வேறு யுகத்தைச் சேர்ந்தவையாக இருந்தாலும், பெரும்பாலும் ஒரே வகையான காரணங்களால் அவை முடங்குவது இதனால்தான். வேதிவினையும் அசைவும் நிகழும் இடங்களிலேயே பழுது குடியிருக்கிறது.

நாள் தவறும் கணினி

கணினியை இயக்கியதும் அதன் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருப்பதும், வங்கித் தளமும் மின்னஞ்சலும் 'இணைப்பு பாதுகாப்பானதன்று' என்று சொல்லித் திறக்க மறுப்பதும் தொடர்பில்லாத இரு கோளாறுகள்போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் காரணம் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் ஒரு பட்டன் பேட்டரியாக இருக்கக்கூடும். ஒவ்வொரு பாதுகாப்பான வலைத்தளமும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று குறிக்கப்பட்ட மின்சான்றிதழ் ஒன்றைக் காட்டுகிறது. கணினியின் கடிகாரம் பத்தாண்டு பின்தங்கியிருந்தால், சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று உலாவி முடிவு செய்துவிடுகிறது.

மின்சாரம் துண்டிக்கப்பட்ட வேளையிலும் கடிகாரத்தை ஓடவைக்கும் இந்த லித்தியம் மின்கலம், பெரும்பாலான கணினிகளில் சி.ஆர். 2032 என்னும் வகையைச் சேர்ந்தது. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு என்னும் அளவே அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. புதிதாக இருக்கையில் 3 வோல்ட்டோ சற்று மேலாகவோ காட்டும் அது, மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. மாற்றும் முன் தொடக்க அமைப்புத் திரையில் உள்ளவற்றைக் கைபேசியால் படம் எடுத்து வைத்துக்கொண்டால், வட்டு இணைப்பு முறை போன்ற அமைவுகள் அழிந்துபோனாலும் மீண்டும் அவ்வாறே பொருத்த முடியும்.

1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த கணினிகள் பலவற்றில் இவ்விடத்தில் நிக்கல்-காட்மியம் மின்கலம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அது கசிந்தால் வெளியேறும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம், செம்புத் தடங்களைப் பச்சை பூக்கச் செய்து அரித்துவிடுகிறது. பழைய கணினியைப் பாதுகாக்க விரும்புவோர், அது இயங்குகிறதா என்று பார்ப்பதற்கும் முன்பாக அந்த மின்கலத்தை வெட்டி எடுப்பதை முதல் வேலையாகக் கொள்கிறார்கள்.

கசிந்த இடத்தைத் தூய்மை செய்வதிலும் வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். நிக்கல்-காட்மியம் கலமும் ஆல்கலைன் கலமும் காரத்தைக் கசியவிடுவதால், பஞ்சுக் குச்சியில் தொட்ட வினிகர் அதை நடுநிலையாக்கும்; தொலையியக்கிகளிலும் சுவர்க் கடிகாரங்களிலும் போடப்படும் மலிவான துத்தநாக-கார்பன் கலத்தின் கசிவோ அமிலத் தன்மை கொண்டது என்பதால் அதற்குச் சமையல் சோடாக் கரைசலே பொருந்தும். எதனால் துடைத்தாலும், இறுதியில் தூய நீரால் ஒற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுதும் உலர்ந்த பின்னரே மின்சாரம் தர வேண்டும்.

தொடுமுனையில் படியும் அழுக்கு

மின்விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் எதுவும் தெரியாமல் 'பீப், பீப்' என்னும் ஒலி மட்டும் வருகிறது என்றால், நினைவகப் பலகையான ரேமின் தொடுமுனைகளை முதலில் ஐயுற வேண்டும். அதன் விளிம்பில் வரிசையாக உள்ள பொன்முலாம் பூசிய பற்கள், செருகுவாயின் மெல்லிய வில்களோடு ஒட்டிநின்றே செய்தியைப் பரிமாறுகின்றன. கடற்கரை ஊர்களின் ஈரப்பதமும் நுண்ணிய தூசும் இடையில் புகுந்துவிட்டால் அந்தத் தொடர்பு அறுபடுகிறது.

மின்கம்பியைப் பிடுங்கி, இயக்கு பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வடித்துவிட்டு, உடலில் தேங்கிய நிலைமின் நீங்க உலோகப் பெட்டியைத் தொட்ட பின், இருபுறக் கொக்கிகளையும் விலக்கி ரேமை வெளியே எடுக்கலாம். அழிப்பானால் அந்தப் பற்களைத் தேய்ப்பது பட்டறைகளில் பரவலான பழக்கம். அது பலன் தருவதும் உண்மையே. ஆயினும் சொரசொரப்பான அழிப்பான் ஒவ்வொரு தேய்ப்பிலும் பொன்முலாமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவதால், ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைப்பதே சிறந்த வழி. அழிப்பான்தான் கையில் உண்டென்றால் மென்மையான வெள்ளை அழிப்பானை ஓரிரு முறை லேசாக ஓட்டினால் போதும். திரும்பப் பொருத்துகையில் கொக்கிகள் 'டிக்' என்று தாமாகப் பூட்டிக்கொள்ளும் வரை இருமுனைகளையும் சமமாக அழுத்த வேண்டும்.

பழைய வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் ஒலியளவைத் திருகும்போது எழும் கரகரப்பும் இதே இனத்துப் பழுதுதான். அந்தத் திருகுக்குள் கார்பன் பூசிய வளைவான தடம் ஒன்றும், அதன்மேல் வழுக்கிச் செல்லும் உலோக நாக்கு ஒன்றும் இருக்கின்றன. தடத்தில் தூசு படிந்த இடங்களில் நாக்கு தூக்கிவிடப்படுவதால் ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது. தொடுமுனைத் தூய்மையாக்கி என்று விற்கப்படும் தெளிப்பானைத் திருகின் இடுக்கில் ஓரிரு முறை அடித்து, இரு திசையிலும் இருபது முப்பது தடவை திருப்பினால் பெரும்பாலும் கரகரப்பு அடங்கிவிடும். துருப்பிடித்த மரையைக் கழற்றப் பயன்படும் எண்ணெய்த் தெளிப்பை இங்கே அடித்தால், அது பிசுபிசுப்பாகத் தங்கி மேலும் தூசைப் பிடித்து வைக்கும்.

உப்பிய கண்டென்சர்

பாடநூல்கள் மின்தேக்கி என்றும் கடைவீதி கண்டென்சர் என்றும் அழைக்கும் பாகமே, பழைய கருவி, புதிய கருவி என்னும் வேறுபாடின்றிப் பழுதுகளின் தலைவாசலாக இருக்கிறது. அதில் மின்பகுளி வகை எனப்படும் உருளையைப் பிளந்து பார்த்தால், இரண்டு அலுமினியத் தகடுகளும் அவற்றுக்கு நடுவே மின்கடத்தும் திரவத்தில் ஊறிய காகிதமும் பாய்போலச் சுருட்டி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தகட்டின்மேல் உருவாக்கப்பட்ட மிக மெல்லிய ஆக்சைடு படலமே மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கிறது. இந்தக் காகிதம் உலரும்போது, மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஆற்றல் குறைந்து, வானொலியில் 'ம்ம்ம்' என்ற இடைவிடாத முரலலாகவும், கணினியில் காரணமின்றித் தானே நின்று தானே தொடங்கும் கோளாறாகவும் அது வெளிப்படுகிறது.

கணினித் தாய்ப்பலகையில் இதைக் கண்ணாலேயே அறியலாம். உருளையின் தலையில் சிலுவை வடிவத்திலோ மூன்று கோடுகளாகவோ கீறல் இடப்பட்டிருக்கும். உள்ளே வாயு பெருகினால் உருளை வெடிக்காமல் அக்கீறல் வழியே திறந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. தட்டையாக இருக்க வேண்டிய தலை மேடாக உப்பியிருந்தாலோ, கீறலில் பழுப்புநிறப் பிசின் கசிந்து காய்ந்திருந்தாலோ அந்தக் கண்டென்சரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். 1999 முதல் சில ஆண்டுகள் வரை தயாரான மின்தேக்கிகள் பலவற்றில், தவறான கலவையில் அமைந்த மின்பகுளி அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கியதால், உலகெங்கும் ஏராளமான தாய்ப்பலகைகள் இளவயதிலேயே செயலிழந்தன. மின்னணுத் துறையினர் அதைக் கொள்ளை நோய் என்றே பெயரிட்டு நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வெப்பமே மின்தேக்கியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பத்துப் பாகை செல்சியஸ் குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி. 105 பாகையில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட ஒன்று, 65 பாகையில் வேலை செய்தால் 32,000 மணி நேரம், அதாவது இடைவிடாது ஓடினாலும் மூன்றரை ஆண்டுக்கு மேல் தாங்கும் என்று இதிலிருந்து கணக்கிடலாம். கணினியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டம் விடுவதும், ஆண்டுக்கு ஓரிரு முறை தூசு நீக்குவதும் வெறும் தூய்மைக்காக அல்ல என்பது இக்கணக்கால் விளங்கும். தூசு ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றின் வேகத்தில் அது கட்டின்றிச் சுழன்றால் அதன் தாங்கி கெடும்.

மாற்றுக் கண்டென்சர் வாங்குகையில், மைக்ரோஃபாரட் அளவு பழையதற்குச் சமமாகவும், வோல்ட் அளவு சமமாகவோ மேலாகவோ, வெப்ப அளவு 105 பாகையாகவும் இருக்க வேண்டும். கணினிப் பலகைக்கு உள்தடை குறைந்த வகையையே கேட்டு வாங்க வேண்டும். உருளையின் பக்கவாட்டில் ஓடும் பட்டை எதிர்முனையைக் காட்டுகிறது. அதை மாற்றிப் பொருத்தினால் இயக்கிய சில நொடிகளிலேயே வெடிக்கக்கூடும். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இத்தகைய உதிரிகளைச் சில்லறையாகவே வாங்க முடியும்.

உறங்கிக் கிடந்த வால்வு வானொலி

பரணில் பல ஆண்டுகள் கிடந்த வால்வு வானொலியை நேரே மின்செருகுவாயில் செருகுவதுதான் அதற்குச் செய்யும் பெருந்தீங்கு. பயன்பாடின்றிக் கிடந்த மின்தேக்கியின் ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். முழு மின்னழுத்தமும் ஒரே அடியில் பாய்ந்தால் அது குறுக்குச்சுற்றாகி, இன்று எளிதில் கிடைக்காத மின்மாற்றியையும் எரித்துவிடும். பழுதுபார்ப்போர் இதற்குச் சீரீஸ் போர்டு என்னும் எளிய உத்தியைக் கையாளுகிறார்கள். மின்வழங்கலுக்கும் வானொலிக்கும் இடையில், தொடர் இணைப்பாக 60 வாட் இழைவிளக்கு ஒன்றைச் சேர்ப்பதே அது. வானொலிக்குள் எங்கே குறுக்குச்சுற்று இருந்தாலும், 230 வோல்ட்டில் அந்த விளக்கு கால் ஆம்பியருக்குச் சற்று மேல் மின்னோட்டத்தை விடாது. குறை இருந்தால் விளக்கு முழு ஒளியோடு நின்று எரியும், குறை இல்லையெனில் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கிவிடும். எல்.இ.டி. விளக்கால் இந்த வேலை நடவாது.

இவ்வானொலிகளில் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் புழங்குவதும், செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கி அதைத் தாங்கிக்கொண்டிருப்பதும், மின்மாற்றி இல்லாத மலிவு வகைகளில் மின்கம்பியின் ஒரு முனை உலோகச் சட்டத்தோடே இணைந்திருப்பதும் அறியாமல் கைவைப்பது உயிருக்கு ஆபத்து. வண்ணத் தொலைக்காட்சியின் பழைய படக்குழாயில் 20,000 வோல்ட்டைத் தாண்டும் மின்னழுத்தம் உண்டு என்பதால், அதைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

ஒலிநாடாக் கருவியில் இத்தகைய அச்சம் இல்லை. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் சீராக நகர வேண்டியிருக்க, அதைச் சுழற்றும் ரப்பர்ப் பட்டை நீண்டு தளர்ந்துவிட்டால் பாட்டு இழுவையாகக் கேட்கும். சில பட்டைகள் நாளடைவில் தார்போல உருகி ஒட்டிக்கொள்வதால், புதிய பட்டை மாட்டும் முன் கப்பியில் படிந்ததை ஆல்கஹாலால் முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். அப்போதே நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் ஒட்டியுள்ள பழுப்புநிற ஆக்சைடு தூளையும் துடைத்துவிட்டால் மங்கிய ஒலி தெளிவு பெறும்.

விரிசல் விட்ட பற்றவைப்பு

கருவியைத் தட்டினால் ஓடுகிறது, சூடேறினால் நிற்கிறது என்றால், மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்லும் குறை அங்கே இருக்கக்கூடும். மின்னேற்றும் கம்பி செருகப்படும் வாயிலும் கனமான மின்மாற்றியின் கால்களிலும், அசைவாலும் வெப்பத்தில் விரிந்து சுருங்குவதாலும் ஈயப் பற்றைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிசல் விழுகிறது. அதை உருப்பெருக்கிக் கண்ணாடியால்தான் காண முடியும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த பழைய கலவை 183 பாகையில் உருகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் பரவிய காரீயமற்ற கலவைகளுக்கு 217 பாகைக்கும் மேல் தேவைப்படுவதால், புதிய பலகைகளில் பற்றவைப்புக் கோலின் வெப்பத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். ஃபிளக்ஸ் எனப்படும் இளக்கியைத் தடவி, சிறிது புது ஈயத்தோடு இரண்டு மூன்று நொடிகள் சூடுகாட்டினால் பற்று பளபளப்பாக மீண்டும் கூடிக்கொள்ளும்.

எந்தக் கருவியானாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பதும், கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்வதும், கம்பி, செருகி, மின்வழங்கி என வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்வதும் காரணத்தைத் தவறாது காட்டிக்கொடுக்கும் ஒழுங்குகள். உப்பிப்போன லித்தியம் பேட்டரியை மட்டும் அழுத்தவோ குத்தவோ மின்னேற்றவோ கூடாது. அது திருத்தத்துக்கு உரியதன்று, மின்கழிவு சேகரிப்பிடத்துக்கு உரியது.

வால்வு வானொலிகள் பலவற்றின் பெட்டிக்குள், எந்த வால்வு எங்கே அமர வேண்டும் என்று காட்டும் படத்தைத் தயாரிப்பாளர்களே ஒட்டி அனுப்பினார்கள். ஒருநாள் யாரேனும் இதைத் திறப்பார் என்று எதிர்பார்த்துச் செய்த ஏற்பாடு அது. பசையால் மூடப்பட்டு வரும் இன்றைய கருவிகளில் அந்த எதிர்பார்ப்பு அருகிவிட்ட நிலையில்தான், பழுதுபார்க்கும் உரிமைக்கான வரைமுறையை உருவாக்க இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்தது. கையேடும் உதிரியும் கிடைக்க வேண்டும் என்னும் அந்தக் கோரிக்கை வெற்றி பெற்றாலும், பெட்டியைத் திறப்பவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால்தான் அந்த உரிமை பயன்தரும்.